மார்க்குக்காக எழுதினேன்

ஆறு தாள் திருத்தியாகிவிட்டது, ஆறிலும் ஒட்டகச்சிவிங்கி. கேள்வி என்னவோ டார்வினைப் பற்றி. இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை விளக்குக, ஐந்து மதிப்பெண். ஒட்டகச்சிவிங்கிக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அது லாமார்க்கின் பிராணி, முந்தின பக்கத்துப் பாடம். ஆனாலும் பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரரைப் போல வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. உயரத்தில் இருந்த இலையைத் தின்ன ஆசைப்பட்டது, எட்டி எட்டிப் பார்த்தது, கழுத்து நீண்டது, குட்டிக்கும் நீண்ட கழுத்து, முற்றுப்புள்ளி. ஒரு பிள்ளை படமும் போட்டிருக்கிறது, மரத்தைவிடக் கழுத்து உயரம். ஆசைப்பட்டால் கிடைக்கும் என்றுதான் இந்த ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் பால்குடியிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். விடாமல் கேள், விடாமல் எட்டு, கழுத்து நீளும். வீட்டில் அதுதான் பிரார்த்தனை, பரீட்சையில் அதுதான் பரிணாமம். ஆசைக்கும் கழுத்துக்கும் சம்பந்தமில்லை, கழுத்து நீளமாக அமைந்தது பிழைத்தது, அமையாதது செத்தது, கேட்டதனால் எதற்கும் எதுவும் கிடைக்கவில்லை, இவ்வளவுதான் விஷயம். இருபத்தாறு வருடமாகச் சொல்கிறேன். தலையாட்டிவிட்டுப் போய் ஒட்டகச்சிவிங்கியை எழுதுகிறார்கள். மிகை இனப்பெருக்கம், வாழ்க்கைப் போராட்டம் என்று மனப்பாடமாக இரண்டு தலைப்பு இருந்ததற்கு ஒன்று போட்டு ஆறாவது தாளை மூடி வைத்தேன். ஆள்காட்டி விரலில் சிவப்பு மை. நேற்றைய மையே இன்னும் போகவில்லை.

மின்விசிறி சுற்றுகிறது, காற்று எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஏப்ரல் மாதத்தில் இந்த ஆண்கள் பள்ளியின் வகுப்பறையில் எட்டுப் பேரை உட்காரவைத்து வேளைக்குப் பன்னிரண்டு தாள் கொடுக்கிறார்கள். தாள்கள் வேறு மாவட்டத்திலிருந்து வரும். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஒரு எண் மட்டும் இருக்கும். நாங்கள் திருத்தியதிலிருந்து இரண்டு மூன்றை உருவி மறுபடி பார்ப்பது முதன்மைத் தேர்வாளரின் வேலை. எங்கள் அறையின் முதன்மைத் தேர்வாளர் பிரமநாயகம் சார். கரும்பலகைக்குக் கீழே தனி மேஜை, தனி விசிறி. காலையில் வந்ததும் மதிப்பெண் பட்டியலின் தலைப்பில் பொடியாக ஒரு பிள்ளையார் சுழி போட்டு, பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதை முடித்துவிட்டு எங்களுக்கு விதி வாசிப்பார்: விடைத்தாளில் சாமி குறி, சுழி, சிலுவை, பிறை எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். சுழி போட்ட கையை உயர்த்திக்கொண்டே இதைச் சொல்வார். ஒருவரும் சிரிப்பதில்லை, நான்தான் உள்ளே சிரித்துக்கொள்வேன். நேற்றுச் சாப்பாட்டு வேளையில் பரிணாமத்தைப் பற்றிய பேச்சு வந்ததும் மனிதர் தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். "மச்சம் என்னது, மீன். கூர்மம், நீருலயும் நிலத்துலயும் வாழுதது. வராகம் பாலூட்டி. நரசிம்மம் பாதி மிருகம் பாதி மனுசன். வாமனர் குள்ள மனுசன். நம்மாளுக அன்னைக்கே வரிசையாச் சொல்லி வச்சுட்டாங்க. டார்வின் புதுசா என்னத்தக் கண்டுபிடிச்சான், சொல்லுங்க டீச்சர்." ஆமை நீர்நில வாழ்வி இல்ல சார், ஊர்வன, என்றேன். பரசுராமரும் ராமரும் நேருக்கு நேரா சந்திச்சுப் பேசியிருக்காங்களே, யாரு யாருலருந்து வந்தது, என்றேன். விலங்கியல் முதுகலை, முப்பது வருடம் சர்வீஸ், மனிதருக்கு ஆமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் செய்யதலி பாத்திமா டீச்சர் சமாதானத்துக்கு வந்தாள். "எனக்கு இதுல ஒரு பிரச்சினையும் இல்ல டீச்சர். பாடத்த வாசிச்சுக் காட்டிருவேன். முன்னால 'விஞ்ஞானிகள் கருத்துப்படி'ன்னு ஒரு வார்த்த போட்டுருவேன். மிச்சம் அல்லாவுக்குத் தெரியும்." அது இன்னும் மோசம். எங்கள் சர்ச்சுப் போதகர், சபை ஐயர், இருக்கிறார், அவருக்கு ஆறு நாள் என்பது ஆறு நாள் இல்லையாம், ஆண்டவருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் போலவாம், அதனால் விஞ்ஞானமும் வேதமும் ஒன்றாம். பெருக்கிப் பார்த்தால் ஆறாயிரம் வருகிறது, பூமிக்கு நானூற்றைம்பது கோடி வயது, மிச்சத்துக்கு எங்கே போவார் என்று கேட்க வாய் துறுதுறுக்கும், கேட்கமாட்டேன், சம்பளம் சபையின் திருமண்டலப் பள்ளியில் அல்லவா. ஆனால் நேற்று ஐயர் பக்கத்தில் இல்லை, பாத்திமாவும் பிரமநாயகமும்தான் இருந்தார்கள், அதனால் தைரியமாகச் சொல்லிவிட்டேன். "ஜெபம்ங்கிறது விலாசம் எழுதாத கடுதாசி, பாத்திமா. எத்தன வேணும்னாலும் போடலாம். போய்ச் சேர ஒரு எடம் இல்ல." பாத்திமா தண்ணீர்ப் பாட்டிலை மூடினாள். பிரமநாயகம் சார் ஊறுகாயை ஓரமாகத் தள்ளி வைத்தார். எனக்கு நல்ல பசி.

ஏழாவது தாளைத் திருப்பியபோதும் ஒட்டகச்சிவிங்கியைத்தான் எதிர்பார்த்தேன். இல்லை. முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறக்கிற எல்லாம் பிழைப்பதில்லை என்று தொடங்கியிருந்தது. விடைக்குறிப்பில் இப்படி ஒரு வாக்கியம் கிடையாது, பாடப்புத்தகத்திலும் கிடையாது. ஒரு தவளை இடும் முட்டை எத்தனை, அதில் தவளையாகிறது எத்தனை, மிச்சத்துக்கு என்ன ஆயிற்று. பிறப்பிலேயே ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் உண்டு, வித்தியாசத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை, சூழ்நிலை அதில் சிலதை விட்டுவைக்கிறது, விட்டுவைத்தது குட்டி போடுகிறது. கேட்டு வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறது இந்தப் பிள்ளை. கையெழுத்தைப் பார்த்தால் பெண்பிள்ளை மாதிரி தெரிகிறது, அழுத்தி எழுதாத, சாயாத எழுத்து. நிச்சயமாகச் சொல்லமுடியாது, ஆனால் நான் அதைப் பெண் என்றே வைத்துக்கொண்டேன். நாற்பது வயதில் முனைவர் பட்டம் வாங்கினவர்களுக்குப் பிடிபடாதது பதினேழு வயதில் பிடிபட்டிருக்கிறது. யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அல்லது யார் சொல்லிக்கொடுத்தும் கெட்டுப்போகாத மூளை. தோள்பட்டை வலி கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. ஐந்துக்கு ஐந்து என்று போடப் பேனாவைக் கொண்டுபோனேன். அடியில், கடைசி வரிக்கும் அடுத்த கேள்வியின் எண்ணுக்கும் நடுவில், இன்னொரு வரி இருந்தது. அதே கையெழுத்து, கொஞ்சம் பொடியாக. ஆண்டவரே, இது மார்க்குக்காக எழுதினேன், என்னை மன்னியும்.

பேனா அப்படியே நின்றது. முதலில் வந்தது எரிச்சல்தான். அடி முட்டாளே. இவ்வளவு விளங்கியிருக்கிறது, விளங்கினதற்கா மன்னிப்பு. ஒட்டகச்சிவிங்கி எழுதின ஆறு பேரும் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை, அவர்களுக்கு மனசாட்சி சுத்தமாக இருக்கிறது. உண்மையை எழுதினவளுக்குத்தான் குற்ற உணர்ச்சி. இவள் ஊர்ப் போதகர் முகம் எனக்குத் தெரியும், பார்க்காமலே தெரியும், எல்லா ஊரிலும் ஒரே முகம், உன் தாத்தா குரங்கா என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்டுவிட்டுச் சபை சிரிக்கும்வரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிற முகம். இவள் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து அதைக் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இந்தப் பாடத்தை எடுத்துப் படித்திருப்பாள், படிக்கப் படிக்கப் பிடித்துப்போயிருக்கும், பிடித்ததற்குப் பயந்திருப்பாள். பயப்படட்டும், எனக்கென்ன. விதி இருக்கிறது. தேர்வாளருக்கு வேண்டுகோளாக எதை எழுதியிருந்தாலும் தாளைத் தனி உறையில் போட்டு மேலே அனுப்பவேண்டும். விசாரணை முடியும்வரை முடிவை நிறுத்திவைப்பார்கள். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், கூட அப்பன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துபோகும், ஒரு வருடம் போகும், பெண்பிள்ளைக்கு ஒரு வருடம் போனால் அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா, எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், ஜூனில் விசாரணை என்றால் ஜனவரியில் கல்யாணப் பத்திரிகை. தவளை முட்டையில் மிச்சத்துக்கு என்ன ஆயிற்று என்று எழுதினவள் அந்த மிச்சத்தில் போய்ச் சேர்வாள். பேசாமல் பக்கத்தைத் திருப்பிவிடலாம். நான் பார்க்கவில்லை. சிவப்பு மை விரலில் மட்டும் இல்லை, நகக்கண்ணிலும் ஏறியிருக்கிறது. ஆனால் ஏதோ ஒன்று அந்த வரியில் முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது, அது பக்தி இல்லை, வேறு என்னவோ.

மார்க்குக்காக. அதுதான். தாள் முழுக்க ஏட்டுத் தமிழில் எழுதியிருக்கிறாள், சூழ்நிலை, வித்தியாசம், சிற்றினம். ஓரிடத்திலும் பேச்சுவழக்கு வரவில்லை. இந்த ஒரு வரியில் மட்டும் மார்க்கு. யாரோ வாயால் சொன்னதை அப்படியே எழுதினதுபோல இருக்கிறது. இந்த வரியை எனக்குத் தெரியும். எங்கே என்று தெரியவில்லை, ஆனால் தெரியும், மன்னியும் என்கிற அந்த இழுவைகூடத் தெரியும். மன்னிப்பு என்றதும் அப்பா வந்துவிடுகிறார், வரவேண்டாம் என்றால் கேட்கிற ஆளா. உபதேசியார் மாசிலாமணி, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் நாலு சபைக்கு ஒரே உபதேசியார், சைக்கிள் கேரியரில் வேதப்புத்தகமும் துணிப்பையும். துணிப்பைக்குள் ஒரு கல் இருக்கும். கிணறு தோண்டும்போது கிடைத்த கல், உள்ளங்கை அகலம், அதில் ஒரு சிப்பி பதிந்திருக்கும், வரி வரியாக, நேற்றுக் கடலில் எடுத்ததுபோல. நோவா காலத்து ஜலப்பிரளயத்தைப் பற்றிப் பிரசங்கம் வரும்போது அதைத் தூக்கிக் காட்டுவார். கடலே இல்லாத எடத்துல சிப்பி எப்படி வந்துச்சு, மலைக்கு மேல தண்ணி நின்னதுக்கு இதுதான் சாட்சி. சபை வாயைப் பிளக்கும். நானும் பிளந்தேன், பன்னிரண்டு வயதுவரை. கல்லூரி முதல் வருடம் விடுமுறைக்கு வந்தபோது சொன்னேன், சாப்பிடும்போது, அம்மா இருக்கும்போது, வேண்டுமென்றேதான் சொன்னேன்: அது ஜலப்பிரளயம் இல்லப்பா, அந்தக் கல்லுக்கு லட்சக்கணக்குல வயசு, நீங்க சொல்லுத நோவா அப்போ பொறக்கவே இல்ல, மனுசனே பொறக்கல. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்தால் நன்றாக இருந்திருக்கும், நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தக் கல் துணிப்பையில் இல்லை. எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தேழு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, ஒரு மத்தியானம் திடீரென்று கேட்டார். "எப்சி, அந்தக் கல்லுக்கு எத்தன வயசுன்னு சொன்ன?" சொன்னேன். மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு சபையிலயும் தப்பாச் சொல்லிட்டேன்லா. எத்தன புள்ளைக கேட்டுச்சோ. ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்." கல்லோட வயசுக்கெல்லாமா மன்னிப்புக் கேப்பாங்க, தூங்குங்கப்பா, என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன். அவரும் கொஞ்சம் சிரித்தார், எனக்குத் துணைக்குச் சிரித்திருக்க வேண்டும். வராந்தாவுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சத்தமாகவே சிரித்தேன். இந்த மனிதர்களுக்கு எதையும் நேராக ஒப்புக்கொள்ளத் தெரியாது, ஒரு கல்லின் வயதைத் திருத்தக்கூட நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்றேன். மூன்று நாளில் செத்துப்போனார். பீரோவைக் காலி செய்தபோது கல் கிடைத்தது, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, ஒரு சீட்டோடு. சீட்டில் நான் சொன்ன வயதை எழுதிவைத்திருந்தார், நான் முதல் வருடம் சொன்ன அன்றைய தேதி போட்டு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டதைத்தான் சொன்னேன், அதில்தான் சிரிப்பு இருந்தது. பத்துப் பதினோரு வருடமாகச் சொல்லியிருக்கிறேன், வீட்டில், ஸ்டாஃப் ரூமில், பஸ்ஸில், மைக்கில்.

மைக்கில். போன ஆகஸ்ட். வேறு மாவட்டம், விலங்கியல் ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி, நான் கருத்தாளர், பரிணாமப் பாடம் என் பொறுப்பு. எண்பது பேர் இருந்த கூடம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், பாதிப்பேர் தூக்கத்தில். மூன்றாவது வரிசையில் ஒரு சின்ன வயது டீச்சர் எழுந்து நின்றாள், மஞ்சள் சேலை, கையில் நோட்டு. "மேடம், எங்க ஊர்ல நல்லாப் படிக்கிற புள்ளைங்களே இந்தப் பாடத்த எழுத மாட்டேங்கிறாங்க. பாவம்னு சபையில சொல்லிட்டாங்களாம். அஞ்சு மார்க்க அப்படியே விட்டுட்டு வருதுங்க. என்ன மேடம் செய்யிறது?" நியாயமான கேள்வி. அந்தக் கூடத்தில் அன்று கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான். அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம். என்னிடம் பதில் இல்லை, இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு பதிலைத் தேடவும் இல்லை, வியாழக்கிழமை அசெம்பிளியில் சர்வ சிருஷ்டிகரே என்று ஜெபம் செய்துவிட்டு இரண்டாவது பீரியடில் சிருஷ்டி இல்லை என்று பாடம் நடத்துகிறவள், எனக்கு நடுவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது, படிக்கட்டில் ஏறும்போது முகத்தை மாற்றிக்கொள்வேன், அதுதான் என் சமரசம். பிரமநாயகத்துக்கு ஆமையாவது இருக்கிறது. எனக்குப் படிக்கட்டு. அதையா மைக்கில் சொல்லமுடியும். அதனால் தூங்குகிறவர்களை எழுப்ப அப்பாவை எடுத்துக்கொண்டேன். "ரொம்ப ஈஸி. எழுதச் சொல்லுங்க. எழுதி முடிச்சதும் ஒரு வரி ஜெபம் பண்ணச் சொல்லுங்க. ஆண்டவரே, இது மார்க்குக்காக எழுதினேன், என்னை மன்னியும். அவருக்கும் சமாதானம், நமக்கும் ரிசல்ட்." அப்பா குரலில் சொன்னேன், அந்த இழுவையோடு. கூடமே சிரித்தது, தூங்கினவர்களும் விழித்துச் சிரித்தார்கள். மஞ்சள் சேலை சிரிக்கவில்லை. குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். இதைப் போய் எழுதுகிறாளே, இதெல்லாம் ஒரு டீச்சர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

அவள் போய் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். கேலியைக் கழித்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். பரீட்சை எழுதப் பயந்த ஒரு பிள்ளைக்கு அது வழியாக இருந்திருக்கிறது, மனதுக்குள் சொல்ல வேண்டியதை அவசரத்தில் தாளிலேயே எழுதிவிட்டது, அல்லது எழுதினால்தான் செல்லுபடியாகும் என்று நினைத்ததோ என்னவோ. அந்தப் பிள்ளை பயந்து கேள்வியை விட்டுவிட்டுப் போயிருந்தால் அஞ்சு மார்க்தான் போயிருக்கும். இப்போது வருடம் போகும். விசாரணையில் கேட்பார்கள், இப்படி எழுத யாரும்மா சொன்னது. எங்க மிஸ். மிஸ்ஸைக் கூப்பிடுவார்கள், மஞ்சள் சேலை வரும், நோட்டைக் கையோடு கொண்டுவரும், தேதி போட்டு எழுதிவைத்திருக்கும் அந்த ஜாதி. எப்சிபா மேடம் பயிற்சியில சொன்னாங்க. ஓய்வுக்கு இரண்டு வருடம். மெமோ, விளக்கம், திருமண்டல அலுவலகத்தில் ஒரு நாற்காலி நுனி, விசுவாசத்தை மேடையில் கேலி செய்தீர்களாமே என்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிற முகம். பார், எவ்வளவு சீக்கிரம் பிள்ளையை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டேன். இப்போது பக்கத்தைத் திருப்பினால் அவளுக்காகத் திருப்புகிறேனா எனக்காகவா. எதற்காகவோ, திருப்பு. ஐந்துக்கு ஐந்து போட்டேன். கூட்டினேன். தாளை மூடி, கட்டுக்கு நடுவில், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் செருகினேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு தாளையும் வரிசை மாற்றி வைத்ததில்லை. பக்கத்தில் பாத்திமா பார்த்தாளோ, பார்க்கவில்லையோ. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, கூட்டல் போடுகிறாள் போலிருக்கிறது.

பிரமநாயகம் சார் பின்னால் வந்து நிற்பதைத் திருநீற்று வாசனையில்தான் தெரிந்துகொண்டேன். "ஏழு முடிஞ்சுட்டா டீச்சர்? குடுங்க." கட்டை எடுத்துக்கொண்டு போனார். மேலே இருந்ததை எடுக்கலாம், அடியில் இருந்ததை எடுக்கலாம், மனிதர் நடுவிலிருந்துதான் உருவினார். அவருக்கு முப்பது வருடம் சர்வீஸ், யார் எதை எங்கே செருகுவார்கள் என்று தெரியாதா. எட்டாவது தாளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். விசிறியின் நிழல் மேஜைமேல் வந்து வந்து போனது. அவர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். "இதப் பாத்தீங்களா?" என்றார், மெதுவாக, அந்த வரியின்மேல் விரலை வைத்து. பாத்தேன் என்றேன். "பாத்துட்டா அஞ்சுக்கு அஞ்சு?" பதில் சரியா இருக்கு சார். "பதில் ஏ ஒன்னு. நானே இப்படி எழுதமாட்டேன். ஆனா இது வேண்டுகோளுல்லா. மார்க்குன்னு வேற எழுதிருக்கு. கவர்ல போடணுமே." யாருக்கு வேண்டுகோள் சார், என்று கேட்டேன். என் குரல் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "யாருக்குன்னா? திருத்துதவங்களுக்குத்தான். ஆண்டவரேன்னா இன்னைக்கு அந்தப் புள்ளைக்கு ஆண்டவரு நீங்கதான டீச்சர்." இல்ல சார், அது எனக்கு இல்ல. "உங்களுக்கு இல்லன்னா?" ஆண்டவருக்கு எழுதினது சார். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவசரமே இல்லாமல் வேட்டி நுனியில் துடைத்தார். நேற்று ஒதுக்கிவைத்த ஊறுகாயை இப்போது எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. "நேத்துச் சாப்பிடும்போது நீங்கதான சொன்னீங்க, விலாசம் இல்லாத கடுதாசின்னு. விலாசம் இல்லன்னா கையில எடுத்தவங்களுக்குத்தான அது சொந்தம். உங்க கணக்குப்படி இது உங்களுக்கு வந்ததுதான். கவர்." ஆமையை எங்கே வைப்பது என்று தெரியாத மனிதர் என்னை எங்கே வைப்பது என்று தெரிந்துவைத்திருந்தார். வெயில் ஜன்னல் கம்பியில் ஏறியிருந்தது. பாத்திமா எழுதுவதை நிறுத்தியிருந்தாள், மற்ற ஆறு பேரும்கூட. இல்ல சார், என்றேன், விலாசம் இருக்கு. "இருக்குங்கீங்களா?" இருக்கு சார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அந்த மனிதரை வெறுப்பதற்கு எனக்கு வசதியாக இருந்திருக்கும். குறிப்புப் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "அப்போ எழுதிக் குடுங்க. நாளைக்கு யாரும் கேட்டா நான் காட்டணும்லா. நீங்க எழுதினா நானும் கீழ கையெழுத்துப் போடுதேன். அந்தப் புள்ள நல்லா எழுதிருக்கு, பாவம்."

எழுதினேன். எண்ணைப் போட்டு, வினா எண்ணைப் போட்டு, மேற்படி விடையின் கீழுள்ள வரி தேர்வாளருக்கு விடுக்கப்பட்ட வேண்டுகோள் அல்ல, கடவுளுக்கு எழுதப்பட்டது. அவர் இருக்கிறார் என்று என் கையால், சிவப்பு மையில், சாட்சிக் கையெழுத்தோடு எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில், ஒரு பதிவேட்டில். எவ்வளவு கேவலமான சாட்சி, பாதி அந்தப் பிள்ளைக்காக, பாதி என் ஓய்வூதியத்துக்காக. எப்சிபா மாசிலாமணி என்று கையெழுத்துப் போட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பெயரில் போட்டதில்லை, அது தானாக வந்தது, அடித்துத் திருத்தப் பார்த்தேன், பதிவேட்டில் அடித்தல் கூடாது என்றார் சார். அவர் கீழே தன் கையெழுத்தைப் போட்டார், சுழி போடாமல். தாள் கட்டுக்குள் போய்விட்டது, அந்தப் பிள்ளையின் வருடம் தப்பியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பாத்திமா தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். அந்த வரி எனக்கு வந்தது இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டேன், இனி அவளை மன்னிக்கிற வேலை என்னிடம் இல்லை, அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு ஒரு எண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. அப்பாவிடம் கேட்கலாம், அவரும் விலாசமில்லாத இடத்துக்குப் போய்விட்டார். கேட்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதை நான் மைக்கில் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டு எட்டாவது தாளைப் பார்த்தேன். உயரத்தில் இருந்த இலையைத் தின்ன ஆசைப்பட்டு, அது கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.